நிற்கவைத்து எடுத்த படம்

தாட்சாயினிக்குக் கோபம் வருவது பெரிய விஷயமில்லை. வந்த கோபம் இறங்குவதுதான் கடினம். பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஆட்களைத் திருப்பித் திருப்பிக் கிடத்துகிறவள் அவள். பேரியம் என்ற சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். தொண்டையிலிருந்து இரைப்பை வரை அது இறங்குகிற வழியைப் படம் பிடிப்பார்கள். நிற்கவைத்து ஒன்று, மல்லாக்கக் கிடத்தி ஒன்று, குப்புறக் கிடத்தி இடப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி ஒன்று. அப்படி உயர்த்தினால்தான் முள்ளந்தண்டின் நிழல் விலகி உணவுக்குழாய் தனியாகத் தெரியும்.

உயர்த்துவதற்குத் திண்டு வேண்டும். மூன்று வருடமாகக் கேட்டு எழுதினாள். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. எடுத்ததை எங்கே வைத்தார்களோ தெரியாது. கடைசியில் உருத்திரபுரத்தில் தன் வீட்டில் கிடந்த பழைய மெத்தையை வெட்டி, வயலுக்கு வந்த யூரியாப் பையைக் கழுவி உறை தைத்து, தானே பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாகப்பு வந்தார். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிறவர், அறுபது வயது தாண்டிய ஆள். எட்டு மாதமாகச் சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு முன், தாட்சாயினி லீவில் நின்றபோது, இதே அறையில் எடுத்த படத்தில் குறையொன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கிளினிக் தந்துவிட்ட கடிதத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: "இம்முறையும் படம் சரியாக இருப்பின் மனநலப் பிரிவுக்கு அனுப்பவும். போரில் மகனை இழந்தவர்."

அதை வாசித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வன்னியில் ஒருவருக்குக் கால் வலித்தாலும் இந்த வரி, காது கேளாவிட்டாலும் இந்த வரி. இழந்தது உண்மைதான். அதற்காக, மகனை இழந்தவருக்கு உணவுக்குழாய் என்று ஒன்று இருக்கக்கூடாதா?

படம் பார்க்கும் டொக்டர் தில்லைநாதன் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளியூரிலிருந்து வருகிறவர். "நிக்கவைச்சே எடுப்பம், மிஸ். இன்னும் பதினொரு பேர் இருக்கினம்" என்றார். யாகப்பு நின்றபடி குடித்தார். மருந்து மளமளவென்று இறங்கியது.

"நோமல்" என்று சொல்லிவிட்டு டொக்டர் பேனையை எடுத்தார்.

தாட்சாயினி வாசலில் நின்ற யாகப்புவின் மனைவி புனிதத்திடம் போனாள். "அம்மா, ஐயா வீட்டில எப்பிடிச் சாப்பிடுறவர்?"

"நிண்டுகொண்டுதான், பிள்ளை. சோத்துக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு வீட்டு முற்றம் முழுக்க நடப்பார். வள்ளத்தில பழகின பழக்கமெண்டு நான் ஏசுறனான். குந்தி இருந்து சாப்பிட்டா இறங்காதாம்."

தாட்சாயினிக்கு விளங்கிவிட்டது. நின்றால் இறங்கும் என்று அந்த மனிதர் தானே கண்டுபிடித்து, எட்டு மாதமாக அப்படித்தான் உயிர் பிழைத்திருக்கிறார். இவர்களும் அவரை நிற்கவைத்தே படமெடுத்துவிட்டு, வருத்தமில்லை, நோயொன்றும் இல்லை என்கிறார்கள்.

"சேர், இவரைக் கிடத்தி எடுக்கவேணும்."

"நேரமில்லை. வருத்தத்தைக் கண்டுபிடிக்கிறது என்ர வேலை, மிஸ். ஆளைத் திருப்புறதுதான் உங்கட வேலை."

"ஓம் சேர். என்ர வேலையைச் செய்யவிடுங்கோ எண்டுதான் கேக்கிறன். இல்லாட்டி, நிக்கவைச்சு மட்டும்தான் பாத்தது எண்டு றிப்போட்டில எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

பேனை நின்றது. அப்படி எழுதி எவர் கையெழுத்து வைப்பார்? அவர் பேனையை மூடினார்.

அவள் யாகப்புவைக் குப்புறக் கிடத்தினாள். இடது முழங்காலை மடித்து, யூரியாப் பைத் திண்டை இடப்பக்கத்துக்குக் கீழே செருகினாள். இடது கையைத் தலைமாட்டில் வைத்து, குடிக்கிற குழாயை வாயருகே பிடித்தாள்.

"படுத்துக்கொண்டு குடிச்சா இறங்காது, பிள்ளை. எனக்குத் தெரியும்."

"எனக்கும் இப்பதான் தெரியும், ஐயா. அதை அவருக்குக் காட்டத்தான். ரெண்டு மிடறு போதும்."

இரண்டாவது மிடற்றோடு திரையில் வெள்ளை மருந்து நெஞ்சின் அடியில் வந்து நின்றுவிட்டது. மேலே குழாய் வீங்கி, கீழே எலிவால் போல ஒடுங்கிக் கிடந்தது. தில்லைநாதன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். படம் பதிந்ததும் தாட்சாயினி யாகப்புவை எழுப்பி இருத்தி முதுகைத் தடவிவிட்டாள்.

"ஐயா, உங்களுக்கு வருத்தம் இருக்குது" என்றார் டொக்டர், குரலைத் தாழ்த்தி. "சுகப்படுத்தலாம்."

யாகப்பு மீசையில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்தார்.

"இருக்கெண்டு நான் எட்டு மாசமாச் சொல்லுறன், டொக்டர். அது கிடக்கட்டும். போனமுறை எனக்கு முன்னால ஒன்பது பேரை என்னைப்போலவே நிக்கவைச்சு எடுத்தவை. அவையளையும் கூப்பிட்டுக் கிடத்துவியளோ?"

தாட்சாயினி அலுமாரியைத் திறந்து, இரண்டு மாதத்துக்கு முந்திய பதிவுப் புத்தகத்தை எடுத்து, அந்த ஒன்பது பேரின் பெயருள்ள பக்கத்தை விரித்து டொக்டரின் முன்னால் வைத்தாள்.