ஏழு என்றால் நலம்

மரக்குழலைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைப்பதற்கு முன் எங்கள் மருத்துவச்சி ஜூராகான் அதைத் தன் அக்குளில் இடுக்கிச் சூடாக்குவாள். "சில்லுன்னு வச்சா உள்ள இருக்கறவன் கோச்சுக்கிட்டு முதுகக் காட்டிடுவான்" என்பாள். பிறகு குழலின் அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை அழுத்திக் கடிகாரத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் தும்மக்கூடாது.

துடிப்பைக் கேட்க பேட்டரியில் ஓடும் கருவியும் அவளிடம் உண்டு. நாரின் என்னும் எங்கள் மலைநாட்டுக் குளிரில் அது பாதி நாள் விறைத்துக் கிடக்கும். காது விறைப்பதில்லை. ஒருமுறை சும்மா இருக்கமாட்டாமல் குழலை வானொலிப் பெட்டியில் வைத்துக் கேட்டு, செய்தி வாசிப்பவருக்கு ரத்த அழுத்தம் என்றாள். மறுநாளிலிருந்து வேறு ஆள் வாசித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ரத்த அழுத்தம் ஏறிய, முன்பு பிள்ளையை இழந்த கர்ப்பிணிகளுக்கு அவள் ஒரு வேலை கொடுப்பாள். காலைத் தேநீருக்குப் பின் இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். பக்கத்தில் பத்து தயிர் உருண்டைகள், நாங்கள் வெயிலில் காயவைப்போமே, அவை. குழந்தை ஒருமுறை அசைந்தால் ஓர் உருண்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் போயாக வேண்டும். பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்ல வேண்டும்.

"மாமனார் ரெண்ட எடுத்துத் தின்னுட்டாருக்கா" என்று ஒருத்தி அழுதாள்.

"அப்ப அந்த ரெண்டு உதை அவரு வயித்துல. நீ மறுபடி படு."

எண்ணுவதில் எங்களுக்குச் சிரமமில்லை; ஆடு மேய்ப்பவர்கள். எண்ணியதை உள்ளபடி சொல்வதுதான் கஷ்டம். நல்லதை முழுதாகச் சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் உம்சுனை தன் மருமகள் ஜிபாருக்குப் பத்தும் போன நாளெல்லாம் "என்னமோ ஒரு ஏழு" என்றே சலித்துக்கொள்வாள். ஜிபாரின் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. இது இரண்டாவது. வாரம் இருமுறை நேரில் போய்க் குழல் வைத்துப் பார்க்கும் ஜூராகானுக்கு உம்சுனையின் ஏழு எவ்வளவு என்று தெரியும். பதினொரு மணிக்குப் பூட்ஸுடன் நின்றபடியே கேட்பாள். ஏழு என்று காதில் விழுந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்து உட்காருவாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை உம்சுனை தேன் குரலில் பேசினாள். "பத்து, ஜூரா! முழுசா பத்து! சிங்கக்குட்டியாட்டம் உதைக்குது!"

ஜூராகான் தொலைபேசியைப் போட்டுவிட்டுக் குழலோடு ஓடினாள். பால் வண்டிக்காரனைப் பாதி வழியில் மறித்து ஏறிவிட்டாள். வண்டி தரையைத் தொட்ட இடங்கள் மூன்றே மூன்று என்று அவன் இன்றும் சொல்கிறான்.

ஜிபார் இடப்பக்கமாகப் படுத்திருந்தாள், முகம் வீங்கி. முதல் கிண்ணத்தில் ஆறு உருண்டைகள் அப்படியே இருந்தன. ஜூராகான் குழலைச் சூடாக்கினாள். அவசரத்திலும் அதை விடவில்லை. நிமிடத்துக்கு நூற்று நாற்பது துடிக்க வேண்டிய பிள்ளையின் இதயம் தொண்ணூற்றெட்டு துடித்தது.

"நாலுதானாடி?"

"சொன்னா நெசமாயிடும்னு பயந்துட்டேன்டி" என்றாள் உம்சுனை.

"என்னைக்குடி நீ நல்லதப் பெருசா சொல்லியிருக்க? பத்துன்னதுமே தெரிஞ்சுபோச்சு. போர்வைய எடு."

அதே வண்டியில் மாவட்ட மருத்துவமனை. வழியெல்லாம் மண்டியிட்டபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழல். அங்கே துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் எந்திரத்தில் கட்டினார்கள். கோடு தாழ்ந்துகொண்டே போனதும் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையை உயிரோடுதான் எடுத்தார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். மற்ற கர்ப்பிணிகள் காத்திருந்ததால் ஜூராகான் ஊர் திரும்பினாள்.

மூன்று நாள் அவள் பூட்ஸைக் கழற்றவில்லை. அதோடுதான் தூங்கினாள் என்று அவள் கணவர் என்னிடம் முறையிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நின்றபடியே எடுத்தாள்.

"என்னத்தச் சொல்ல ஜூரா" என்று அலுத்துக்கொண்டாள் உம்சுனை. "எலிக்குஞ்சாட்டம் இருக்கான். மூக்கு சப்பை. கத்துற கத்துல காது கிழியுது. பாலும் என்னமோ ஒரு ஏழு வாய்தான் குடிக்கிறான்."

ஜூராகான் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள்.