பழைய ஃபுட்பாலும் எங்கட கடை ஷட்டரும்

இண்டைக்கு இஞ்ச டண்டினோங் பக்கம் போற ட்ரெயினில எனக்குப் பக்கத்தில ஒரு வயசான வெள்ளைக்காரர். எண்பதுகளின்ர இங்கிலாந்து ஃபுட்பால் வீடியோ ஒண்டை ஃபோனில சத்தமாப் பாத்துக்கொண்டிருந்தார்.

அதில கூட்டம் பாடத் தொடங்க, அது என்ன பாட்டெண்டு எனக்கு உடன பிடிபட்டுது.

அந்த நேரம் நான் லண்டனில ஒரு கடையில வேலை. சனிக்கிழமையில மேட்ச் முடிய, பாத்திட்டு வாற வெள்ளைக்காரப் பெடியள் இதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்து, கறுப்பு ஆக்களின்ர கடையெண்டு எங்கட ஷட்டரை உதைப்பாங்கள். நாங்கள் லைற்றை அணைச்சுப்போட்டு மூச்சுக் காட்டாமல் உள்ளுக்க இருப்பம்.

அவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். "அது பொற்காலம். இப்பத்தை மேட்ச்சில ஒரு பயமும் இல்லை, அதால சுவாரசியமும் இல்லை" எண்டார்.

நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு, என்ர ஸ்டேஷன் வர முந்தியே இறங்கிட்டன்.

அந்தப் பொற்காலத்தில சனிக்கிழமை பின்னேரம் லண்டன் றோட்டால நடந்துபோன தமிழர் ஆரும் இருந்தால் கொமெண்டில சொல்லுங்கோ. எப்பிடித்தான் போனனீங்கள்?