தொட்டிலுக்குள் ஒரு துணிக்கடை

இந்த மாத ஆரம்பத்தில், ஒரு புதன்கிழமை, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் என் வீட்டுக்குள்ளேயே!

திட்டியவள் பெயர் பாக்கியம். இருபத்திரண்டு வயதிருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற பதினாறு கைக்குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்பவள்.

நானோ தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒரே மாஸ்டர். ஐந்து வகுப்பையும் ஒற்றைப் பிரம்பால் மேய்க்கிறவன். என்னை யாரும் திட்டிப் பழக்கமில்லை... என் மனைவி கமலத்தைத் தவிர.

ஏன் திட்டினாள்? வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, நாலு மாதத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வசந்தி. அதே சமயம் எங்கள் தோட்டத்துத் துரை, சுதந்திரம் வந்த பிறகு இந்த ஊர் சரிப்படவில்லை என்று சீமைக்குக் கப்பலேறத் தயாரானார். பங்களாவைக் காலி செய்த துரைசானி, தன் பிள்ளைகள் படுத்த மரத்தொட்டிலை எங்களுக்கு அனுப்பிவைத்தார். நாலு பக்கமும் மரச்சட்டம். வெள்ளைப் பெயின்ட். தலைமாட்டில் ஒரு முயல் படம்.

கந்தப்பளை வட்டாரத்திலேயே எவன் வீட்டில் இருக்கிறது இப்படி ஒன்று? எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வந்தவர்களுக்குக் குழந்தையைக் காட்டுவதற்கு முன்னால் தொட்டிலைக் காட்டினேன்.

கமலத்தின் அண்ணன் சுப்பையா அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். வெறும் மெத்தையோடு நின்ற தொட்டிலைப் பார்த்து மனிதர் கண்கலங்கிவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, ஜெயில் மாதிரி இருக்கு!”

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் அவரும் வந்தார், ஒரு பெரிய மூட்டையும் வந்தது. ஓரமெல்லாம் சுருக்கு வைத்த பஞ்சுத் தலையணை. பக்கத்துக்கொன்றாக உருட்டுத் தலையணை. சட்டத்தின் உள்பக்கம் சுற்றிக் கட்டப் பூப்போட்ட பஞ்சுத் திண்டு. கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் பளபளவென்று சாட்டின் போர்வை. குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட ஒரு கிலுகிலுப்பை மாலை. கடையில் விலைபோகாததெல்லாம் மருமகளுக்கு வந்ததோ? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மனைவி தன் பங்குக்கு ஒரு துணிப்பொம்மை கொண்டுவந்து வைத்தார். வேறு யாரோ கண்ணேறும் பேயும் அண்டாமலிருக்கத் தலையணைக்கடியில் பாக்குவெட்டியைச் செருகிவிட்டுப் போனார்கள். பேய் வந்தால் வசந்தி எழுந்து உட்கார்ந்து பாக்கு வெட்டிக் கொடுப்பாள் போலும்!

இத்தனைக்கும் நடுவே குழந்தைக்கு இடம் இருந்ததா? இருந்தது... ஒரு சாண்.

அந்தப் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கமலம் துணி அலசப் பீலிக்கரைக்குக் கிளம்பினாள்.

“நான் வர்ற வரைக்கும் புள்ளையப் பாத்துக்குங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தேன் — நாலாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகளை. வசந்தி கொஞ்ச நேரம் முனகினாள். நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு முனகல் நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று அடுத்த கொப்பியை எடுத்தேன்.

வாசலில் பாக்கியம். கையில் பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரம். இப்போதெல்லாம் பாதித் தோட்டம் அந்தப் பாரத்தோடுதான் என் வாசலில் நிற்கிறது. அவள் இங்கே பிறந்தவள். அவள் அப்பாவும் இங்கே பிறந்தவர். அதை அரசாங்கம் நம்ப என் கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமாம்!

“புள்ள தூங்குதாங்களா மாஸ்டர்?”

“இவ்வளவு நேரம் முனகிக்கிட்டிருந்தா. இப்பத்தான் அடங்கினா. துரை வீட்டுத் தொட்டில் ஆச்சே!”

அவள் எட்டிப் பார்த்தாள். சாட்டினும் பொம்மையும் தெரிந்தன. குழந்தை தெரியவில்லை.

பாரத்தைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். போர்வைகளை அள்ளி எறிந்தாள். அன்றைக்குத்தான் வசந்தி முதல்முறையாகக் கவிழ்ந்திருக்கிறாள். கவிழ்ந்தவளுக்குத் திரும்பத் தெரியவில்லை. முகம் முழுக்கப் பஞ்சுத் தலையணைக்குள். தலைக்கு மேல் கம்பளி.

பாக்கியம் அவளைத் தூக்கித் திருப்பினாள். உதடு நாவற்பழ நிறம்.

ஒரு கையால் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். “அடியே... அழுடி... அழுடி தங்கம்...” நான் சிவப்புப் பேனாவோடு நின்றேன். ஐந்து வகுப்புக்கும் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன்!

ஒரு விக்கல். ஒரு இருமல். அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் அழுகை... அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இது என்னாங்க மாஸ்டர், தொட்டிலா, துணிக்கடையா?” பாக்கியத்துக்கு வந்ததே கோபம். “நான் பதினாறு புள்ளைங்களப் பாக்குறேன். பதினாறு மூஞ்சியும் எனக்குத் தெரியணும். மூஞ்சி தெரியாத புள்ளைய, தூங்குதுன்னு நான் நம்ப மாட்டேன். நீங்க படிச்சவங்கதானே?”

படித்தவன் அப்போதுதான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தான்.

மடமடவென்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். தலையணை, திண்டு, பொம்மை. கிலுகிலுப்பைக் கயிற்றை அறுத்தாள். “நாளைக்குக் கழுத்துல சுத்துனா?” பாக்குவெட்டி கைக்கு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

கமலம் ஈரத்துணி வாளியோடு வந்து நின்றாள். வீடு முழுக்கப் பஞ்சும் போர்வையும். பாக்கியம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நானே சொன்னேன். கமலம் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, “இந்தக் குளிருக்கு என்ன செய்றது, பாக்கியம்?” என்று கேட்டாள்.

“உடம்புக்கு நல்லாச் சூடா உடுப்புப் போட்டு விடுங்கம்மா. மல்லாக்கப் படுக்க வைங்க. காலு ரெண்டும் தொட்டில் கடைசியில முட்டணும், அப்பத்தான் போர்வைக்குள்ள நழுவாது. ஒரே ஒரு போர்வை, நெஞ்சு வரைக்கும். ரெண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில இறுக்கிச் சொருகிடுங்க.”

அன்றைக்குப் பாரம் எழுதும் வேலை நடக்கவில்லை. மறுநாள் நானே பிள்ளைக்காம்பராவுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். போன இடத்தில் எண்ணிப் பார்த்தேன். பதினாறு முகமும் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தொட்டிலைப் பார்த்ததும் குதித்தார்.

“அனாதைப் புள்ள மாதிரி போட்டு வச்சிருக்கீங்களே! நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?”

சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. “பஞ்சு என்ன செய்யும்? மெத்துன்னு இருக்கும்!” என்று தலையணையைத் திரும்ப எடுத்துக்கொண்டு தொட்டிலுக்குப் போனார். கமலம் வழிமறித்தாள்.

“அண்ணே, கட்டில்ல குப்புறப் படுங்க.”

“எதுக்கு?”

“படுங்கண்ணே.”

படுத்தார். முகத்துக்கு நேராக அவர் கொண்டுவந்த தலையணை. இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை. தலைக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் சாட்டின். “தலையத் தூக்கப்படாது. கையையும் எடுக்கப்படாது. வசந்திக்கு அதெல்லாம் தெரியாது.”

முப்பது எண்ணியிருப்போம். மச்சான் எல்லாவற்றையும் உதறிக்கொண்டு எழுந்தார். முகம் மிளகாய்ச் சிவப்பு. மூச்சு இரைத்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

“நான் வாங்கிட்டு வந்ததுதானே, தங்கச்சி...” என்றார். தொட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனார்.

கடையில் யாராவது கைக்குழந்தைக்குத் தலையணை கேட்டால், “மொதல்ல புள்ள எழும்பி நடக்கட்டும், அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்புகிறாராம். ஒரு துணிக்கடை முதலாளியின் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? அட்டன் கடைவீதியே அதிசயமாகப் பேசிக்கொள்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். மாஸ்டர் சம்பளத்துக்கு இவ்வளவுதான் போல என்று அவர்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி வந்தார். பார்த்தார். மனசு தாங்கவில்லை. “பாவம் மாஸ்டர், புள்ளைக்கு ஒரு தலையணைகூட இல்லையே! நான் ஒண்ணு தச்சு அனுப்பட்டுமா?” என்றார்.

“கட்டாயம் அனுப்புங்கம்மா, நல்லாப் பெருசாவே அனுப்புங்க... எனக்கு ரெண்டு நாளாக் கழுத்துச் சுளுக்கு!”