சிராத்த நாளில் வந்த கணக்குப் பேப்பர்

1. கடைசி பெஞ்ச்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. பிரேசர் டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

முதல் நாள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் நுழைந்தேன். பாவாடை தாவணிப் பெண்களுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், வெள்ளைப் புடவையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. தங்கையை அழைத்துப் போக வந்தவள் என்று நினைத்து, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "நானும் படிக்கறவதான் டீச்சர்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவள் பெயர் வேதவல்லி. கல்யாணமான மறு வருஷமே கணவன் டைபாய்டில் போய்விட்டான். அவளைப் பள்ளியில் சேர்த்தவர் மாமனார் ஸ்ரீனிவாசய்யங்கார், மராமத்து இலாகாவில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாரமே என்னைப் பார்க்க வந்தார். பேச்சுக்கு நடுவே இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"எனக்கு ஒரே பிள்ளை, டீச்சரம்மா. அவன் போயிட்டான். இவ டாக்டருக்குப் படிக்கணுங்கறா. இன்டர்மீடியட்ல சயன்ஸ் குரூப் கிடைக்கணும்னா கணக்குல நல்ல மார்க் வேணுமாமே. நீங்க கொஞ்சம் பாத்துக்கணும்."

வேதவல்லி உழைப்பாளி. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. விட்டுப்போன வருஷங்களின் பாடத்தை வீட்டில் தனியாக உருப்போட்டே படித்திருந்தாள். ஜியாமெட்ரியில் எந்த தியரத்தைக் கேட்டாலும் வரி பிசகாமல் சொல்வாள். முக்கோணத்தின் மூலைகளுக்கு ஏ, பி, சி என்பதற்குப் பதில் பி, க்யூ, ஆர் என்று எழுதிவிட்டால் கை நின்றுவிடும். ரைடர் கணக்குகளைத் தொடவே மாட்டாள். ரைடர் என்பது தியரத்தை வைத்துப் புதிதாக நிறுவ வேண்டிய கணக்கு. மார்க்கில் பெரும்பங்கு அதற்குத்தான்.

"இந்த ரெண்டு கோணமும் சமம்னு எப்படிச் சொல்றே?"

"புஸ்தகத்துல அப்படித்தான் டீச்சர் போட்டிருக்கு."

"புஸ்தகம் இல்லைன்னு வச்சுக்கோ. என்கிட்ட சொல்லு, ஏன்?"

அவளுக்குக் கண் கலங்கிவிடும். நானும் விடவில்லை. மாலையில் மற்றவர்கள் போனபின் அவளை போர்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் வாய்விட்டுக் காரணம் சொல்லச் செய்தேன். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள், நான் கேட்பதற்கு முன் அவளே பாதியில் நின்று, "இது தப்பு டீச்சர், இது இன்னும் நிரூபணமாகலை" என்று அழித்தாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

2. செலக்ஷன் டெஸ்ட்

அந்த நாளில் எல்லோரையும் பப்ளிக் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். பள்ளியிலேயே செலக்ஷன் டெஸ்ட் வைத்து, தேறியவர்களை மட்டும் அனுப்புவார்கள். வேதவல்லி மற்ற பாடங்களில் தேறினாள். கணக்கில் கொஞ்சம் குறைந்தது.

தலைமையாசிரியை மைசூர்க்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல.

"ஒரு வருஷம் இருக்கட்டும் மிஸ். நெக்ஸ்ட் இயர் நல்லா எழுதட்டும். ஸ்கூல் ரிசல்டும் பாக்கணும் அல்லவா?"

மறுநாள் ஸ்ரீனிவாசய்யங்கார் வந்தார். மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்க வெகுநேரமாயிற்று.

"அடுத்த வருஷம் எழுதலாம்னு சொல்றேள். நியாயம்தான். ஆனா அடுத்த வருஷம் நான் இருப்பேனான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். நான் இல்லேன்னா இவளை ஊருக்கு அழைச்சிண்டு போயிடுவா. அப்புறம் பரீட்சை ஏது?"

தலைமையாசிரியை என்னைக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ எழுதுவா மேடம்."

"ஆய்த்து, சரி. அனுப்பறேன். உங்க பொறுப்பு."

3. திதி

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் வேதவல்லி வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன்.

கணக்குப் பேப்பர் அன்றுதான் அவள் கணவனின் திதி. பிள்ளை இல்லாததால் சிராத்தத்துக்கு உரியவள் அவள்தான். அவள் கையால் தர்ப்பை வாங்கித்தான் மாமனார் செய்ய வேண்டும். முடியும்வரை அவள் சாப்பிடக்கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். உறவுக்காரர்கள் வந்து, பரீட்சையாவது மண்ணாவது என்று சொல்லி, அவள் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் கிறிஸ்தவள். வெளித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டார்கள். ஸ்ரீனிவாசய்யங்கார் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன செய்ய, டீச்சரம்மா? அவன் அம்மா மனசு நோகக்கூடாதோன்னோ."

நிலைப்படிக்கு உள்ளே மாமியார் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகள் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். எழுந்து நின்று, அவரைப் பார்த்தே கேட்டேன்.

"அம்மா, காலையில எழுதிட்டு வந்துடுவா. நானே கூட்டிட்டுப் போய் நானே கொண்டுவந்து விடறேன். நீங்க சொன்னா போவா. இல்லேன்னா நான் திரும்பிப் போயிடறேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். குரல் வந்தபோது சாதாரணமாகவே இருந்தது.

"திதி வருஷா வருஷம் வரும். பரீட்சை வராது. விடியக்காலம்பற தீர்த்தமாடிட்டு தர்ப்பையைக் கொடுத்துட்டுப் போகட்டும். சிராத்தம் பண்ணி வைக்கற வாத்தியார்கிட்ட நான் பேசிக்கறேன். அடுப்படியில தளிகையும் நான் ஒருத்தியே பண்ணிடுவேன்." பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏண்டி, புஸ்தகத்தை எடு. டீச்சர் எத்தனை நாழி நிப்பா?" என்றார்.

பரீட்சை நாளில் ஈரத் தலையோடு ஜட்கா வண்டியில் ஏறினாள். வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. ஹாலுக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். பங்குனி வெயில். மற்ற பெண்கள் வெளியே வந்து விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் கடைசியில் வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. "போகலாம் டீச்சர், பெருமாள் தளிகை ஆயிருக்கும்" என்றாள். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே மந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கால் கழுவி நேரே உள்ளே போனாள். நான் வாசலோடு திரும்பினேன்.

4. அதற்குப் பிறகு

கல்லூரியில் சேரத் தகுதி உண்டு என்று ரிசல்ட் வந்தது. சயன்ஸ் குரூப்பும் கிடைத்தது. சேர்க்கும் அன்று ஸ்ரீனிவாசய்யங்கார் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து கூடவே போனார். கார்த்திகை மாதம் அவர் காலமானார்.

துக்கம் கேட்கப் போனபோது மறுபடி அதே தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். மாமியாரின் அண்ணா ஊரிலிருந்து வந்திருந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொம்மனாட்டி தனியா எப்படி இருப்பேள்?"

"எப்படி வர்றது அண்ணா? அவளுக்குக் காலேஜ் இருக்கே" என்றார் அந்த அம்மாள்.

வேதவல்லி டாக்டராகவில்லை. இன்டரில் எடுத்த மார்க் மெடிக்கலுக்குப் போதவில்லை. பி.எஸ்ஸி. முடித்து, அவளும் கணக்கு டீச்சரானாள். மாமியார் கடைசிவரை அவளோடுதான் இருந்தார்.

இளம் ஆசிரியைகள் என்னிடம் பரீட்சைக்குத் தயார்செய்வது எப்படி என்று கேட்பதுண்டு. பாடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். கூடவே ஒன்று சொல்வேன்: செலக்ஷன் டெஸ்டுக்கு முன்னால் ஒரு முறை ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் போங்கள். அங்கே யார் பேசாமல் நிற்கிறார்களோ, அவரிடம் நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்பார் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள்.