கிளிப் போட்ட பக்கங்கள்

என் அக்காவுக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண் பரிசோதனை முடிந்து வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுப்பதும், மூக்கில் வைத்துப் பார்த்துக் காதோரம் வளைத்துச் சரிசெய்வதும் அவள் பொறுப்பு. பவர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தாலும், "லேசாத்தான் ஏறியிருக்கு, பயப்படாதீங்க" என்பாள். முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஃபிரேமை மாட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறவரிடம், "உங்களுக்கு எது போட்டாலும் எடுப்பா இருக்கு" என்பாள். கடை முதலாளிக்கு அவள் என்றால் உயிர்.

எனக்கு இந்தக் குணம் ஒத்துவராது. நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். விட்டுப்போன வரியைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்பா படுத்துக்கிடந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். அக்கா போனில், "லேசா ஜுரம், அவசரம் ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கிழமை வந்தா போதும்" என்றாள். நானும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு சாவகாசமாக வந்து இறங்கினேன். வாசல் நிறையச் செருப்புகள். "திடீர்னு ஆயிடுச்சுடி" என்றாள் அக்கா. சரி, திடீரென்றுதான் ஆகியிருக்கும் என்று நானும் நம்பினேன். சில வருடங்கள் கழித்து நானும் இந்த ஊருக்கே வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறோம்.

சனிக்கிழமை மதியம் அவளுக்குக் கடை அரை நாள்தான். நேராக நூலகத்துக்குப் போய்விடுவாள், முடிந்த வாரங்களில் நானும் துணைக்குப் போவேன். மாடியில் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைக்கும் அறையில் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக் கதை வாசிப்பாள். வாரத்துக்கு ஒரு பகுதி. வாசித்து முடித்ததும் பேச்சு. அவன் செய்தது சரியா, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், இவளுக்கு ஏன் கோபம் வந்தது என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். கீழே படித்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள்.

எந்தப் பகுதி என்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிவு செய்துவிடுவாள். சாப்பாட்டு மேஜையில் புத்தகம், பக்கத்தில் ஒரு டப்பா நிறைய கிளிப். சாவு, பிரிவு, அடி, பசி என்று எது வந்தாலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்து கிளிப் போட்டுவிடுவாள். நடுவில் விட்டுப்போனதை வாயால் ஒட்டிக்கொள்வாள். ஓநாய் ஆட்டைத் தின்ற கதையில் ஓநாய் மனம் மாறி வேறு காட்டுக்குப் போய்விட்டது. "நல்லா வந்த ஓநாயைக் கெடுத்துட்டியே" என்று நான் கிண்டல் செய்வேன். "சின்னப் பிள்ளைங்கடி" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு கிளிப் டீச்சர் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமியை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். "ஓநாய் வேற காட்டுக்குப் போச்சு சரி. அந்தக் காட்டுல ஆடு இல்லையா?" என்று கேட்டவள் அவள்தான். அக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். கேள்வி கேட்டால் மடக்குகிறாளே என்று அலுத்துக்கொள்வாள், ஆனால் அவள் வராத வாரம் அறையே வெறிச்சென்று இருக்கிறது என்பாள்.

போன வருடம் ஒரு படகுக்காரர் வீட்டுக் கதையை எடுத்தாள். ஆற்றைக் கடக்கும் படகு, ஒரு பையன், முட்டையே போடாத ஒரு வாத்து, படுக்கையில் கிடக்கும் அம்மா. வாத்து வந்தாலே அறை சிரிப்பில் குலுங்கும். கதை பாதி போயிருந்தபோது வக்கீலின் அப்பா கண்ணாடிக் கடைக்கு வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், கையில் கிரீஸ் கூட போகவில்லை. ஷோகேஸைத் தொடாமல் தள்ளி நின்றே பேசினார்.

"ஆஸ்பத்திரியில இருக்காளே பாப்பாவோட அம்மா, இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க டீச்சர். பாப்பாவுக்குத் தெரியாது. சீக்கிரம் வந்துருவாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்ககிட்ட வர்றப்பதான் சிரிக்கிறா. நீங்களும் எதுவும் காட்டிக்காதீங்க."

அக்காவிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆனால் அந்தக் கதையில் அம்மா இறந்துபோகிறாள். வேறு புத்தகம் எடு என்றேன். "பாதியில நிறுத்தினா ஏன்னு கேப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு ஒரு கொத்துப் பக்கத்துக்கு ஒரே இடத்தில் கிளிப் விழுந்தது.

அந்த வாரம் வாசித்து முடித்ததும் வக்கீல் எழுந்து நின்றாள். "டீச்சர், அவங்க அம்மாவைப் பத்தி எதுவுமே வரலையே. எங்க அவங்க?"

"வைத்தியம் பாக்க டவுனுக்குப் போயிருக்காங்க. அடுத்த வாரம் வந்துருவாங்க" என்றாள் அக்கா. அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள். வக்கீல் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதிர்த்து ஒன்றும் கேட்காத வாரம் அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. நடந்ததை அக்கா பிற்பாடுதான் சொன்னாள். வக்கீல் எல்லோருக்கும் முன்னால் வந்து பாய் விரித்தாளாம். "அம்மா என்னைப் பாக்கணும்னு சொன்னாங்களாம். அப்பா கூப்பிட்டாரு. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன். இன்னைக்குத்தானே டீச்சர் கதையில அம்மா வராங்க?" என்றாளாம். அக்காவுக்கு எல்லாம் தெரியும். எழுப்பி அனுப்பியிருக்கலாம். குழந்தை அங்கே போய் எதைப் பார்க்கப்போகிறது, இங்கே சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தாள். புத்தகத்தில் இல்லாத ஓர் அம்மாவை டவுனிலிருந்து படகேற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே வக்கீலின் அம்மா போய்விட்டாள்.

அதன் பிறகு வக்கீல் பல வாரம் வரவில்லை. வந்த அன்று வாசிப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போயிருந்தார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் யாரிடமும் எதுவும் கேட்காமல் அலமாரியிலிருந்து அந்தப் படகுக்காரர் புத்தகத்தை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். அக்கா அவள் பக்கத்தில் போகவும் முடியாமல், அறையை விட்டு வெளியே வரவும் முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படித்து முடித்து வக்கீல் தலை நிமிர்ந்தாள். அழவில்லை.

"இவன் அவங்க அம்மா பக்கத்துல போய் உக்கார்றான் டீச்சர். என்ன பேசறதுன்னு அவனுக்கும் தெரியலை. வாத்து கடைசியில முட்டை போட்ட கதையைச் சொல்றான். அவங்க சிரிக்கறாங்க." கொஞ்ச நேரம் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் போயிருப்பேன். என்கிட்டயும் சொல்றதுக்கு நிறைய இருந்துச்சு."

அக்கா வாயைத் திறந்தாள். எப்போதும் சுலபமாக வரும் ஆறுதல் வார்த்தை அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "ஆமாம்மா. நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள். வக்கீல் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அப்புறம் அவள் வரவில்லை. இப்போதும் வாசிப்பு நடக்கிறது, கிளிப் டப்பா எங்கே போனதென்று தெரியாது. வாசிக்கிற நடுவில் படியில் காலடி கேட்டால் அக்கா நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பாள்.

வக்கீல் கிளிப்புகளைக் கழற்றிய அன்று, வீட்டுக்கு நடந்து வரும்போது புத்தகப் பையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். சிக்னலில் நின்றபோது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா திடீர்னு போகலைடி. டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. நீ பதறுவியேன்னு நான்தான் சொல்லலை. உன்னையே கேட்டுட்டிருந்தாரு."

எனக்கு வந்த கோபத்தில் பையை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று. "என்ன கேட்டாரு?" என்றேன்.

"கதவு சத்தம் கேட்டாப் போதும், சின்னவ வந்துட்டாளான்னு கேப்பாரு. கிளம்பிட்டா, பஸ்ஸு லேட்டுன்னு சொன்னேன். கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னேன்."

நான் எந்த பஸ்ஸிலும் இல்லை. அந்த நேரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.