நான் வைக்காமல் விட்ட அரைத் தாள்

தனபாக்கியம் டீச்சர் போய்விட்டார் என்ற சேதி, திருமானூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அரியலூருக்குப் போனேன். டீச்சரைத் தெரிந்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். கூட வேலை பார்த்தவன் என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், அரியலூரில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கொடுக்க, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புத்திக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். ஆசிரியர்களான எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கேள்வி கேட்பது டீச்சர். ஸ்டாப் வாட்சும் மதிப்பெண்ணும் என் பொறுப்பு. அந்தக் கடிகாரம் கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்து ஊரில் அஞ்சலை என்ற பத்து வயதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். வெளியே கிளம்பும்போது மழை வந்தால் முதலில் என்ன செய்வாய் என்பது ஒரு கேள்வி. குடை எடுப்பேன் என்றால் மதிப்பெண். அவள் யோசித்துவிட்டு, "காயப்போட்ட முந்திரிக்கொட்டய அள்ளி உள்ள வெப்பேன்" என்றாள். எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் அப்படி இல்லை. சைபர் போட்டேன். இன்னும் நாலைந்து கேள்வி அப்படியே போனது.

"சார், காயுற கொட்டய வுட்டுட்டு எந்தப் புள்ள கொடயத் தேடும்? தப்பு புள்ளகிட்ட இல்ல, கேள்வியில" என்றார் டீச்சர்.

"விதி அப்படிங்க டீச்சர்" என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. அரைத் தாளில் அஞ்சலையின் பதில்களை அவள் சொன்னபடியே எழுதினார். இந்தக் கேள்விகள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, இவளை மறுபடி பார்க்க வேண்டும் என்று கீழே கையெழுத்துப் போட்டு, மதிப்பெண் பட்டியலோடு வைத்து அனுப்பச் சொன்னார்.

நான் வைக்கவில்லை. சோதனை நடத்தத் தெரியாதவன் என்று மேலே நினைத்துவிடுவார்களோ என்று பயம். அடுத்த வாரம், "தாள வெச்சீங்களா சார்?" என்று கேட்டார். "வெச்சேங்க" என்றேன். அஞ்சலைக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி; அவள் படிப்பும் அதோடு நின்றது.

சில வருடங்கள் கழித்துப் பெரம்பலூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "பெத்தவங்களுக்கு வெளங்கச் சொல்லாம எந்தப் பிள்ளைக்கும் டெஸ்ட் வைக்கக் கூடாது. கேள்விய அந்தந்த ஊர்ல போய்க் கேட்டுத்தான் எழுதணும். கடியாரத்தயே பாத்துக்கிட்டிருந்தா பிள்ள கண்ணுக்குத் தெரியாது" என்றார். முதலில் கைதட்டியவன் நான்தான். நினைத்தால் கூசுகிறது.

டீச்சரின் சாவுக்கு வந்த அன்று, அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன.

"நீங்கதான கடியாரம் வெச்சிருந்த சாரு? நான் அஞ்சலைங்க."

டீச்சர் இத்தனை வருடமும் அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் எனக்காக எழுதிக் குடுத்தும் மேல இருக்குறவங்க கேக்கலயாமே. டீச்சர் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க. சாரு நல்லவரு, அவரயும் மறந்துடாதம்பாங்க" என்றாள்.

அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

டீச்சரின் நினைவாக உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். என்னிடம் அந்த அரைத் தாள் இருக்கிறது. கிழித்துப் போடவும் தைரியம் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை அஞ்சலையிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். ஐந்தாவது வரை படித்தவள், வாசித்துவிடுவாள்.