கோர்ஃபக்கான் கடலில் முருகேசனுக்கு ஒரு மாலை

அமீரகத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் கோர்ஃபக்கானுக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏழு வருடம் என்னோடு ஒரே ரூமில் இருந்த முருகேசனுக்காகப் போனேன். சென்ற அக்டோபரில் ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழவே இல்லை. அவன் உடல் இருந்த பெட்டி ஊருக்கு விமானம் ஏறிய அன்று எனக்கு டூட்டி. கடைசியாக அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஃபைபர் ஒர்க்‌ஷாப்பில் படகு பழுதுபார்ப்பது முருகேசனின் வேலை. கோர்ஃபக்கானில் ஹவாய்ப் படகு ஓட்டும் ஒரு குழு தன் படகுகளை அங்கேதான் கொண்டுவரும். பழக்கமாகி, லீவு நாட்களில் இவனையும் துடுப்புப் போடக் கூட்டிப்போனார்கள். "ஹவாய் செருப்பு தெரியும், அதென்னடா ஹவாய் படகு?" என்று கிண்டலடிப்பேன். "ஒரு வாட்டி வந்துதான் பாரேன் மாப்ள" என்பான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

நவம்பரில் அந்தக் குழுவிலிருந்து ரஜனி போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், துபாயில் ஆபீஸ் வேலை. "முருகேசன் அண்ணையைக் கடல்ல வழியனுப்பப் போறம். அவற்ற ஆக்கள் எண்டு ஒராள் வேணும். நீங்கள் வாங்கோ" என்றார். ஊரில் இருக்கும் முருகேசனின் மனைவி செல்வியிடம் கேட்டேன். "போங்கண்ணே. எனக்கும் சேத்து நீங்களே செஞ்சிருங்க" என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஷார்ஜா ஜுபைல் நிலையத்தில் பஸ். டிக்கெட் 30 திர்ஹாம். நான் ஏறியது ஃபுஜைரா சுற்றிப் போனதால் சுமார் 135 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். வழியெல்லாம் மொட்டை மலைகள். இறங்கிய இடத்திலிருந்து கடற்கரைக்கு டாக்ஸி 12 திர்ஹாம்.

மணலில் மூன்று படகுகள் நின்றன. ஒல்லியான, ஆறு பேர் உட்காரும் படகு, கவிழாமலிருக்கப் பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டை. குழுவை நடத்தும் லானி என்ற பெண் வந்து என் கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் விழாவில் மாலை போட்டால் உடனே கழற்றுவது அடக்கம். சாவென்றால் மாலை போனவருக்குத்தான். இருக்கிறவன் கழுத்தில் எதற்கு? பதறிக் கழற்றி மணலில் வைத்துவிட்டேன். லானியின் முகம் வாடிவிட்டது.

ரஜனி அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "கழட்டக்கூடாது அண்ணை. போட்ட ஆளையே வேண்டாமெண்ட மாதிரி. செத்தவருக்கு ஆர் நெருக்கமோ அவைக்குத்தான் ஹவாய் ஆக்கள் மாலை போடுறவை."

"நான் அவன் மொகத்தக்கூடப் பாக்கலங்க. எனக்கு எதுக்கு?" என்றேன்.

ரஜனி அதை ஆங்கிலத்தில் சொன்னார். லானி குனிந்து மாலையை எடுத்து, மணலை உதறி, மறுபடியும் எனக்கே போட்டார்.

முருகேசன் உட்காரும் ஐந்தாவது இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். அரை கிலோமீட்டர் போனதும் படகுகள் வட்டமாக நின்றன. எல்லோரும் அவன் பெயரைச் சொல்லித் துடுப்பால் தண்ணீரை அடித்தார்கள். பூ கடலுக்கு, நூல் கடலில் விழக்கூடாது, ஆமைகளின் கழுத்தில் சிக்கிக்கொள்ளும் என்றார் ரஜனி. அந்த மாலை நம்முடையதுபோல் கட்டியதல்ல, ஊசியால் கோத்தது. முடிச்சை வெட்டி இழுத்தேன். பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் விழுந்தன. "போயிட்டு வா மாப்ள" என்றேன். அழுதேன், மறைக்கவில்லை.

கரையில் டீ குடிக்கும்போது லானி தன் கதையைச் சொன்னார். அவருடைய பெற்றோர் பிழைப்புக்காக ஹவாய்த் தீவை விட்டுக் கலிஃபோர்னியா போனவர்கள். அவர் பிறந்ததே அங்கேதான். மாலை கோப்பதும் படகு விடுவதும் அங்கே ஒரு கார் ஷெட்டில் ஊர்க்காரர்கள் கூடிக் கற்றுக்கொடுத்தது. நாம் இங்கே தொழிலாளர் கேம்பில் பொங்கல் வைப்பதை நினைத்துக்கொண்டேன்.

செல்விக்கு, படகில் எடுத்த வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "அந்த நூல எறிஞ்சிராதீங்கண்ணே. லீவுல வரும்போது கொண்டாங்க." அது இப்போது என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாற்றுத் துணியும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், லைஃப் ஜாக்கெட் தருவார்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள். நான் கேட்காமல் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். மாலை போட்டால் கழற்றாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ரூமில் இருப்பவன் லீவு நாளில் எங்காவது கூப்பிட்டால், தூக்கம் போனாலும் பரவாயில்லை, எழுந்து கூடவே போங்கள்.